ஆபத்துக்குப் பாவம் உண்டு

‘ஆபத்துக்குப் பாவமில்லை’ என்று ஒரு சொலவடை நம்மிடம் உண்டு. தாகத்தில் தவிப்பவன் எந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தாலும் தீட்டில்லை, உயிர் ஊசலாடும்போது நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை என்று ஆசாரத்தின் பிடியிலிருந்து மனிதனை விடுவிக்கப் பிறந்த நல்ல சொல் அது. இன்று அதை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம். புயல் கரை கடந்த மறுநாள் ஒரு நிவாரண முகாமுக்குப் போய், ‘இங்கே எத்தனை கழிப்பறை?’ என்று கேட்டுப் பாருங்கள். உயிர் பிழைத்ததே பெரிது, இந்த நேரத்தில் கக்கூஸ் கணக்கா என்றுதான் பதில் வரும். அதிகாரி சொல்வார், தன்னார்வலர் சொல்வார், தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார். முகாமில் இருப்பவரே சில நேரம் சொல்வார். முதலில் உயிர், அடுத்து சோறு, அதற்கடுத்து துணி. தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா, மலம் எங்கே போகிறது, இடிபாட்டை எங்கே கொட்டுகிறோம் என்பதெல்லாம் நிலைமை சீரான பிறகு. இந்த வரிசை நம் மனத்தில் ஆழமாக ஊறிவிட்டது. இது தவறான வரிசை என்பதுதான் என் வாதம்.

இப்படிச் சொல்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். இடுப்பளவு வெள்ளத்தில் யார் வீட்டுப் பிள்ளையையோ தோளில் தூக்கி வந்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆகவே அவர்கள் தரப்பை அதன் முழு வலுவோடு முதலில் எடுத்து வைக்கிறேன். ஒன்று, கண்ணெதிரே உயிர் போகும்போது கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. இரண்டு, பேரிடருக்குப் பின் நோய் வந்தால் அது பிணங்களிலிருந்துதான் வரும்; பிணங்களை அகற்றிப் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டால் ஆபத்து நீங்கியது. மூன்று, 2004-இல் சுனாமி வந்தது, கொள்ளைநோய் வந்ததா? வராத நோயைக் காட்டி ஏன் மிரட்டுகிறீர்கள்? நான்கு, இத்தனை பேருக்கு இத்தனை கழிப்பறை, இத்தனை லிட்டர் தண்ணீர் என்பதெல்லாம் பணக்கார நாட்டார் எழுதிய விதி. நமக்கு அதற்குப் பணமும் இல்லை, நேரமும் இல்லை.

நான்கையும் பார்ப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கு. நம் ஊரில் நிவாரண முகாம் என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம், இல்லையென்றால் கல்யாண மண்டபம். ஒரு பள்ளிக்கூடத்தில் 600 பேர் தங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு நாளில் 1,800 சாப்பாட்டுப் பொட்டலம் உள்ளே போகும். யார் கொடுத்தது, என்ன சாதம், எத்தனை மணிக்கு வந்தது என்பதற்கெல்லாம் பதிவு இருக்கும். மாலையில் அது செய்திக்குறிப்பில் ஏறும். அந்த 600 பேரும் ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது கிலோ மலம் கழிப்பார்கள். அது எங்கே போனது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பள்ளியில் இருக்கும் நான்கைந்து கழிப்பறைகளின் செப்டிக் டேங்க் வெள்ளத்திலேயே நிரம்பியிருக்கும். இரண்டாம் நாள் அந்தக் கதவுகளைத் திறக்க முடியாது. மூன்றாம் நாள் பின்சுவர் ஓரம்தான் கழிப்பறை. நான்காம் நாள் மறுபடி மழை பெய்தால் பின்சுவர் ஓரத்தில் கிடந்தது அடிபம்பைத் தேடி வரும். வாய்க்குப் போவதை மட்டும் எண்ணுகிறோம். நம் நிவாரணத்தின் கணக்குப் பிழை இதுதான். மற்ற பிழைகள் எல்லாம் இதன் பிள்ளைகள்.

இனி முதல் வாதம். உயிர்தான் முதலில் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. பேரிடரில் உயிர் எதனால் போகிறது என்பதில்தான் சண்டை. 1994 ஜூலையில், ருவாண்டாவின் இனப்படுகொலைக்கும் போருக்கும் பின், ஐந்து முதல் எட்டு லட்சம் பேர் சில நாட்களுக்குள் எல்லை தாண்டி அன்றைய ஸயர் நாட்டின் கோமா நகரத்துக்கு வந்து குவிந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கொலை செய்துவிட்டு ஓடி வந்தவர்கள் இருந்தார்கள், கைக்குழந்தைகளும் இருந்தன. பின்னால் வந்தது அந்த வித்தியாசம் பார்க்கவில்லை. கோமாவைச் சுற்றியுள்ள நிலம் எரிமலைக் குழம்பு உறைந்து இறுகிய பாறை. மண்வெட்டி இறங்காது. கழிப்பறைக்குக் குழி தோண்ட முடியவில்லை, செத்தவரைப் புதைக்கவும் முடியவில்லை. குடிக்கக் கிடைத்தது கீவு ஏரித் தண்ணீர். காலரா வந்தது, அதன் பின்னாலேயே சீதபேதி வந்தது. முதல் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயிற்றுப்போக்கு நோய்களால் இறந்தவர்கள். உலகத்தின் கேமராக்கள் அங்கே இருந்தன. மருத்துவக் குழுக்கள் இருந்தன. விமானத்தில் மருந்து வந்து இறங்கியது. மலத்தையும் குடிநீரையும் பிரித்து வைக்கும் ஏற்பாடு ஒன்றுதான் நேரத்துக்கு வரவில்லை.

காலராவுக்குத்தான் எளிய மருந்து இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் நிறைந்திருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் பகுதியில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம் டிரம்மாகக் கரைத்துக் கொடுத்து, 30 சதவீதமாக இருந்த காலரா சாவை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டு வந்தார். இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று அது. ஆனால் அந்த உப்புச் சர்க்கரையைக் கரைக்கவும் நல்ல தண்ணீர் வேண்டும். மருந்து ஒரு நோயாளியை மீட்கும். மறுநாள் வரிசையில் நிற்கப்போகும் நூறு பேரைத் தடுப்பது தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும்தான். அந்த நூறு பேரின் உயிர் மட்டும் ‘முதலில் உயிர்’ என்ற வரிசையில் ஏன் சேரவில்லை?

இரண்டாவது வாதம், பிணம். இதைப் போல் வேரூன்றிய நம்பிக்கை வேறில்லை. வெள்ளத்திலோ நிலநடுக்கத்திலோ இறந்தவர்கள் நோயால் இறந்தவர்கள் அல்லர். மூழ்கியும் நசுங்கியும் இறந்தவர்கள். அவர்கள் உடலில் புதிதாகக் காலராவோ டைபாய்டோ முளைத்துவிடாது. உயிரோடிருக்கும் ஒருவரின் குடலில் இருக்கும் கிருமி அவர் மலத்தின் வழியே தண்ணீரில் கலக்கும்போதுதான் ஊர் நோயில் விழுகிறது. காலரா, எபோலா போன்ற நோய்களால் இறந்தவர்களின் உடல்களைக் கையாளத் தனிக் கவனம் வேண்டும். கிணற்றிலோ குளத்திலோ உடல் விழுந்தால் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. உடல்களைத் தூக்குகிறவர்களுக்குக் கையுறை வேண்டும். மற்றபடி பிணம் கொள்ளைநோயின் ஊற்று என்பதற்கு ஆதாரம் இல்லை என்று பொதுசுகாதார வல்லுநர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சுனாமிக்குப் பின் 2006-இல் உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட களக் கையேடு இதைத் தெளிவாகவே சொல்லியது.

இந்த நம்பிக்கைக்கு நாகப்பட்டினம் கொடுத்த விலை நமக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த அலை அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டு போனது. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் அழுவதற்கு ஆளில்லாத வீடுகள் இருந்தன. நோய் பரவிவிடும் என்ற அச்சத்தில் அவசரம் அவசரமாகக் குழி தோண்டி உடல்களை மொத்தமாகப் புதைத்தார்கள். அவசரப்பட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. டிசம்பர் வெயிலில், அந்த நாற்றத்தில், பழி வந்துவிடுமோ என்ற பயத்தில் செய்தார்கள். ஆனால் தன் பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல், இந்தக் குழிதான் என்று சொல்லி விளக்கேற்ற ஓரிடம் இல்லாமல் போனவர்களின் துக்கத்துக்கு முடிவே கிடையாது. இறப்புச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அவர்கள் அலைந்தது தனி. தெருவெங்கும் வெள்ளையாகத் தூவிய பிளீச்சிங் பவுடர் செய்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. மண்ணிலும் அழுக்கிலும் பட்டவுடன் குளோரின் தன் வீரியத்தை இழந்துவிடும். அது போக வேண்டிய இடம் குடிநீர்த் தொட்டி. போன பிறகு குழாய் முனையில் மிச்சம் இருக்கிறதா என்று குளோரோஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும். தெருவில் தூவுவது கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம். தொட்டிக்குள் கலப்பதைப் படம் எடுக்க முடியாது. வெள்ளம் வடிந்த தெருவில் சத்தத்தோடு புகை அடித்துக்கொண்டு போகும் வண்டியும் பெரும்பாலும் இந்தக் காட்சி வகையைச் சேர்ந்ததுதான்.

பிணத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும்போது உண்மையான ஆபத்து எந்த வாசல் வழியாக வரும் என்பதற்கு ஹைத்தியைவிடக் கசப்பான பாடம் இல்லை. 2010 ஜனவரி 12-இல் நிலநடுக்கம். தலைநகரில் எண்ணி முடியாத சாவு. பிணங்களால் நோய் வரும் என்று அங்கேயும் அஞ்சினார்கள், வரவில்லை. ஒன்பது மாதம் கழித்து அக்டோபரில் காலரா வெடித்தது. அதற்கு முன் ஒரு நூற்றாண்டாக ஹைத்தியில் காலரா பதிவானதே இல்லை. அது தொடங்கிய இடம் இடிந்த தலைநகரம் அல்ல, உள்நாட்டில் அர்த்திபோனித் ஆற்றங்கரை. மிரபலே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஐ.நா. அமைதிப்படையின் முகாம் ஒன்று இருந்தது. நேபாளத்திலிருந்து வந்த படையினர் அங்கே தங்கியிருந்தார்கள். நேபாளத்தில் அப்போது காலரா இருந்தது. முகாமின் கழிவு ஒழுங்காகக் கையாளப்படாமல் பக்கத்து ஓடையில் கலந்தது. ஓடை ஆற்றில் கலந்தது. ஆற்றுத் தண்ணீரைத்தான் ஊர்கள் குடித்தன. எட்டு லட்சம் பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகள் மழுப்பிய பிறகு 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். காப்பாற்றப் போனவர்களின் கழிப்பறைக் குழாய் செய்த வேலை இது. நல்ல நோக்கம் மலக்கிருமியைக் கொல்வதில்லை.

மூன்றாவது வாதம்தான் சாமர்த்தியமானது. சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டில் கொள்ளைநோய் வரவில்லை. ஆகவே சுகாதாரம் பற்றிய கூச்சல் வீண். வரவில்லை என்பது உண்மை. ஏன் வரவில்லை? சுகாதாரப் பணியாளர்களை மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து கொண்டு வந்து இறக்கினார்கள். தண்ணீர் லாரிகளில் குளோரின் கலந்த நீர் வந்தது, தெருவுக்குத் தெரு தொட்டி வைத்தார்கள். நெருக்கியடித்த முகாம்களில் முதலில் தாக்குவது தட்டம்மை என்று தெரிந்து குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். பல நகராட்சிகளிலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்கள் சேற்றிலும் இடிபாட்டிலும் நாள்கணக்கில் நின்றார்கள். இத்தனையும் நடந்ததால்தான் நோய் வரவில்லை. கூரையைச் செப்பனிட்டுவிட்டு, வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லையே, எதற்குச் செப்பனிட்டோம் என்று கேட்பது போன்ற வாதம் இது. தடுப்பு வேலையின் தலையெழுத்தே அதுதான். ஆற்றிலிருந்து இழுத்துக் காப்பாற்றியவருக்குப் பதக்கம் உண்டு. வாந்திபேதி வராமலே தடுத்த நகராட்சி ஊழியரை யாருக்குத் தெரியும்? வராத சாவுக்குக் கணக்கும் இல்லை, நன்றியும் இல்லை.

இங்கே என் தரப்பின் தவறு ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சுகாதாரத்தின் பெயரால் அவசரப்பட்டுச் செய்வதும் கேடு தரும். அதே சுனாமியில் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், கிணறுகளுக்குள் கடல்நீர் புகுந்தது. உதவிக்கு வந்தவர்கள் பம்பு வைத்து மறுபடி மறுபடி இறைத்தார்கள். பார்ப்பதற்கு நல்ல காரியம். அந்த மணற்பாங்கான கரையில் நல்ல தண்ணீர் என்பது உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். இறைத்த நீரைப் பக்கத்திலேயே கொட்டினால் அது மண்ணுக்குள் இறங்கி மறுபடி கிணற்றுக்கே திரும்பும். சில கிணறுகளின் சுவரே சரிந்தது. கிணற்றைச் சேறு நீக்கி விட்டுவிட்டு, மழை பெய்து உப்பைக் கழுவும் வரை குடிதண்ணீரை வெளியிலிருந்து கொடுப்பதே சரியான வழி என்று நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் சொன்னார்கள். இதை எதிர்த்தரப்பு தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கிணறுகளைக் கெடுத்ததும் ‘யோசிக்க நேரமில்லை’ என்ற அதே மனநிலைதான். மீட்புக் குழுவில் படகோட்டத் தெரிந்தவர் எவ்வளவு அவசியமோ, மண்ணையும் நீரையும் தெரிந்தவரும் அவ்வளவு அவசியம் என்பதைத்தான் அது காட்டுகிறது.

நான்காவது, பணமும் நேரமும். இந்த விதிகள் பணக்கார நாட்டாருக்காக எழுதியவை என்பதே முதலில் தவறு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று சொல்லும் ‘ஸ்பியர்’ தரவிதிகள் 1997-இல் தொடங்கிய முயற்சியில் உருவானவை. கோமாவின் சாவுகளும், ருவாண்டா நெருக்கடியில் நிவாரண நிறுவனங்கள் செய்த பிழைகள் மீதான விசாரணையும் கொடுத்த குற்றவுணர்வில் பிறந்தவை. அதைவிட முக்கியமாக, நம் அரசே இதை எழுதி வைத்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் வெளியிட்ட குறைந்தபட்ச நிவாரணத் தரங்களில், 30 பேருக்கு ஒரு கழிப்பறை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனியாக, முகாமிலிருந்து 50 மீட்டருக்குள் என்று இருக்கிறது. கழிவுக்குழி நிலத்தடி நீர் ஆதாரத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நம் 600 பேர் முகாமுக்கு அப்படியானால் 20 கழிப்பறை. இது யாரும் கேட்கும் சலுகை அன்று. சட்டம் தரும் உரிமை.

செலவைப் பற்றி வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் சொல்லும். 2017 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கிச் சில மாதங்களில் ஏழு லட்சம் ரோஹிங்கியா மக்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். கழிப்பறைகள் ஆயிரக்கணக்கில் எழும்பின. எண்ணிக்கை அறிக்கையில் அழகாக இருந்தது. ஆனால் பல குழிகள் ஆழமே இல்லாதவை, சில வாரங்களில் நிரம்பின. பல குழிகள் ஆழமில்லாத அடிபம்புகளுக்கு அருகிலேயே இருந்தன. அவற்றை மூடிவிட்டு வேறிடத்தில் மறுபடி கட்ட வேண்டி வந்தது. மலத்தை அள்ளிச் சுத்திகரிக்க ஒரு நிலையம், ஒன்றரை லட்சம் பேருக்கு ஆகும் அளவில், பிறகுதான் வந்தது. விறகு விஷயமும் இப்படித்தான். அரிசி கொடுத்தார்கள், அடுப்பெரிக்க எதுவும் கொடுக்கவில்லை. மக்கள் சுற்றியிருந்த குன்றுகளின் காட்டை வெட்டினார்கள், வேர்வரை தோண்டினார்கள். மொட்டையான குன்று மழையில் சரிந்து அதே மக்களின் குடிசைமேல் விழுந்தது. 2018 முதல் சமையல் எரிவாயு கொடுத்த பிறகு குன்றுகள் மெல்லப் பச்சை கட்டத் தொடங்கின. முதலிலேயே ஒரு முறை செய்திருந்தால் ஒரு செலவு. தள்ளிப் போட்டதால் இரண்டு செலவு, நடுவே நோய், மண்சரிவு.

நேரமில்லை என்ற பேச்சுக்கு மெனிக் பாம் பதில் சொல்லும். இலங்கையில் வன்னிப் போர் முடிந்த 2009-இல், வவுனியா செட்டிகுளத்தில் காட்டை வெட்டி எழுப்பிய அந்த முள்வேலி முகாமில் இரண்டு லட்சம் தமிழர்களுக்கு மேல் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். திடீரென்று யாரோ ஓடி வந்து குந்திய இடமல்ல அது. அரசு இடம் பார்த்து, அளந்து, வலயம் வலயமாகப் பிரித்துக் கட்டியது. ஆகஸ்ட் நடுவில் பருவம் தப்பிய ஒரு மழை பெய்தது. கூடாரங்களுக்குள் வெள்ளம் வந்தது, மலசலகூடக் குழிகள் பொங்கி அந்த வெள்ளத்தோடு கலந்தன. உண்மையான மாரிகாலத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. வடிகால் வெட்ட நேரமில்லை என்று அங்கே யாரால் சொல்ல முடியும்? உள்ளே இருப்பவர்களை மனிதர்களாக நினைத்தார்களா என்பதுதான் கேள்வி. கழிப்பறையைத் தள்ளிப் போடுகிற இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வி மறைந்து நிற்கிறது.

நோயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒன்று விட்டுப்போகும். முகாமில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். இருட்டும் வரை அடக்கி வைப்பார்கள். இருட்டிய பிறகு துணைக்கு ஆள் தேடி, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் தேடிப் போவார்கள். மாதவிலக்கு வந்தவள் துணியை எங்கே மாற்றுவாள், எங்கே அலசுவாள், எங்கே காயப்போடுவாள்? பள்ளிக்கூட வகுப்பறையில் நாற்பது பேருக்கு நடுவே அதற்கு மறைவிடம் இல்லை. ‘கழிப்பறை அப்புறம்’ என்ற வரிசையை எழுதியவர் யாராக இருந்தாலும், சுவரோரம் நின்று சிறுநீர் கழிக்க முடிகிற ஒருவர்தான் எழுதியிருப்பார்.

வரிசையின் கடைசியில் வைக்கும் இன்னொன்று இடிபாடும் குப்பையும். மீட்சி என்றால் சீக்கிரம் சுத்தம் செய்வது, சுத்தம் செய்வது என்றால் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஆகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் மெத்தைகளும் சோபாக்களும் ஊறிய அரிசி மூட்டைகளும் தெருவில் மலையாகக் கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள், பலர் கையுறையும் செருப்பும்கூட இல்லாமல், அதை அள்ளினார்கள். போய்ச் சேர்ந்த இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். பெருங்குடிக் குப்பைமேடு எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் நிலம் அது. 2022-இல் உலகின் முக்கியச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வெள்ளம் விட்டுச் சென்ற குப்பையை வெள்ளத்தைத் தாங்கும் நிலத்தில் கொட்டினோம். அடுத்த வெள்ளத்துக்கு அச்சாரம் கொடுப்பது போல.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் போனது. படகும் வலையும் கறுத்தன, கூழைக்கடாக்களின் இறகு ஒட்டிக்கொண்டது. அதை அள்ளியவர்கள் யார்? பிழைப்பை இழந்த அதே மீனவர்கள், வாளியும் குவளையுமாக, முதல் நாட்களில் வெறும் கையோடு. நகரமோ மின்சாரம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ‘சுற்றுச்சூழல் அப்புறம்’ என்பதற்குள் ஒரு விலாசம் ஒளிந்திருக்கிறது. அப்புறம் என்றால் எண்ணூரின் காட்டுக்குப்பத்தில், கொடுங்கையூரில், தூய்மைப் பணியாளரின் நுரையீரலில். நம் வீட்டில் இல்லை.

கொடையும் குப்பையாகும். சுனாமிக்குப் பின் கடலோரச் சாலைகளில் பழந்துணி மலைமலையாகக் கிடந்து மழையில் மக்கியதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மீனவப் பெண்கள் உடுத்தாத உடைகள், கிழிந்தவை, கறை படிந்தவை. மானமுள்ள எவரும் அதைத் தொடவில்லை. அதை அள்ள ஆள் வைக்க வேண்டியிருந்தது. ‘கூஞ்ச்’ அமைப்பு அந்தத் துணிகளை எடுத்துப் பிரித்துப் பயன்படுத்த முனைந்தது நல்ல செய்தி. ஆனால் அனுப்புமுன் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்த உழைப்பு நல்ல தண்ணீர் கொடுக்கும் வேலைக்குப் போயிருக்கும்.

மாற்று வழி கனவில் இல்லை, பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் இருந்தார்கள். வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் வரும் என்று சுகாதாரத் துறை எதிர்பார்த்தது. வரவும் செய்தது, உயிர்களும் போயின. ஆனால் சேற்றில் இறங்குவோருக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை, கிணறு கிணறாகக் குளோரின், குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களும் தன்னார்வலர்களும் வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்தது என்று அந்த மாநிலம் சுத்திகரிப்பை மீட்பின் இரண்டாம் பாகமாக எடுத்துக்கொண்டது. குறைகள் இருந்தன. ஆயினும் ‘அப்புறம்’ என்ற சொல்லை அது சொல்லவில்லை.

நாமும் செய்யக் கூடியதுதான். முகாமாகும் பள்ளிகள் எவை என்று ஒவ்வொரு அக்டோபருக்கு முன்பும் பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலிலேயே ஒவ்வொரு பள்ளிக்கும் எத்தனை கழிப்பறை குறைகிறது, தற்காலிகக் கழிப்பறை எங்கே நிற்கும், செப்டிக் டேங்கை உறிஞ்சும் லாரி யாருடையது, அது கொண்டுபோய்க் கொட்டும் இடம் எது என்று எழுதலாம். கலெக்டர் கூட்டும் அவசரக் கூட்டத்தில் காவல்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் பக்கத்தில் குடிநீர் வடிகால் பொறியாளருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் முதல் நாளே நாற்காலி போடலாம். வெளியூரிலிருந்து வரும் தூய்மைப் பணியாளருக்குப் பூட்ஸும் கையுறையும் தடுப்பூசியும் வண்டி ஏறும் முன்பே கொடுக்கலாம். குப்பையைக் கொட்டும் இடத்தை வெள்ளம் வருவதற்கு முன்பே முடிவு செய்யலாம். மாலைச் செய்திக்குறிப்பில் 1,800 பொட்டலம் என்ற வரிக்குக் கீழே, ‘கழிப்பறைகள் 20, பயன்பாட்டில் 17, குழாய் முனையில் குளோரின் சரி’ என்று இன்னொரு வரி சேர்க்கலாம். அந்த ஒரு வரி அச்சேறினால் மற்றவை தானாக நடக்கும். எண்ணப்படுவதைத்தான் நிர்வாகம் செய்யும்.

மறுபடி அந்தச் சொலவடைக்கு வருகிறேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்பது ஆபத்தில் இருப்பவருக்காகச் சொன்னது. எந்தக் கூரையின் கீழும் அவர் ஒதுங்கலாம், எந்தக் கையிலிருந்தும் வாங்கிக் குடிக்கலாம். அவர் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் குடிக்கும் தண்ணீர் நல்ல தண்ணீர்தானா என்று பார்ப்பது கொடுக்கிறவரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.